மேட்டில் பாரமாக வந்தவர்கள்

எதை மாற்றினாலும் ஒரு சைஸ் பெரிதாக மாற்றுவது என் வீட்டுக்காரரின் குணம். தொண்ணூறுகளின் நடுவில் புக்கிட் பெலண்டோக் பக்கம் ஓர் எஸ்டேட்டில் இருந்தோம். அவர் செம்பனை ஆலையில் ஃபிட்டர். எங்கள் பழைய காரில் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் ஒழுக ஆரம்பித்ததும், சிரம்பானுக்குப் போய் வேறு நான்கு வாங்கி வந்தார். “ஸ்போர்ட்ஸ் காரோடது, பெரிசு. அப்படியே உக்காந்துருச்சு பாரு” என்று ஒரே பெருமை.

உட்கார்ந்தது உண்மைதான். ஆனால் காரின் கம்ப்யூட்டருக்கு யாரும் சேதி சொல்லவில்லை. பழைய இன்ஜெக்டர் என்றே நினைத்து அது அதே அளவு நேரம் திறந்துவிட, பெட்ரோல் மடமடவென்று கொட்டியது. பின்னால் கரும்புகை. கொடியில் காயும் துணியிலெல்லாம் பெட்ரோல் நாற்றம்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த திங்கள் காலை எட்டரை மணிக்கு சிரம்பானில் எனக்கு நேர்முகத் தேர்வு. தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியர் வேலை. போன வருடம் பஸ்ஸை நம்பிப் போய், சாத்திய கதவின் முன்னால் நின்று அழுதுவிட்டுத் திரும்பியவள் நான்.

“இந்தத் தடவையும் லேட்டாச்சு, அந்த நாலையும் கழட்டி ஆத்துல வீசிருவேன்” என்றேன்.

பாரோயில் வீட்டோடு பட்டறை வைத்திருந்த ஒரு சீன இளைஞரிடம் வண்டியைக் கொண்டுபோனார். அந்த இளைஞர் கம்ப்யூட்டருக்குப் போகும் ஒயரில் சின்னப் பெட்டி ஒன்றைக் கோத்தார். காற்று குறைவாக வருகிறது என்று அந்தப் பெட்டி கம்ப்யூட்டரை நம்பவைக்கும். அதுவும் நம்பி பெட்ரோலைக் குறைக்கும். இருவரும் வீடமைப்புப் பகுதியை இரண்டு சுற்று சுற்றினார்கள். புகையும் இல்லை, நாற்றமும் இல்லை.

மறுநாள் மாலை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தைக்குக் கிளம்பினோம். எங்கள் எஸ்டேட்டில் காலி சீட்டோடு கார் போனால் ஊரே பேசும். “போற வண்டிதானே” என்று லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஐந்து பேர் ஏறிக்கொண்டார்கள். மெயின் ரோட்டுக்கு ஏறும் செம்மண் மேட்டில், பாதி வழியில் வண்டி இருமியது, குதித்தது, நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

சனிக்கிழமை பாரோய்க்காரர் நேரிலேயே வந்தார். எத்தனை பேர் ஏறினீர்கள் என்று மலாயில் கேட்டவர், ஏழு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். லேசாக மிதித்தால் ஓர் அளவு பெட்ரோல், அழுத்தி மிதித்தால் வேறோர் அளவு. பாரோயின் சமதரையில், இரண்டே பேரோடு, அழுத்த வேண்டிய தேவையே வரவில்லை; லேசான மிதிக்கு மட்டுமே பெட்டியைச் சரிசெய்திருந்தார். இது ஏழு பேர் ஏறும் கார் என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கும் தோன்றவில்லை. அது ஒரு விஷயமாகவே அவருக்குப் பட்டதில்லை.

அதனால் பாரத்துக்கு ஆள் தேடினோம். பின்சீட்டில் ஐந்து பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஏறும்போதே, “நானே ரெண்டு பேர் வெயிட்டுலா, மத்தவங்க எதுக்கு?” என்றார். அவருக்குச் சர்க்கரை வியாதி, காலெல்லாம் வீங்கியிருக்கும். உச்சி வெயிலில், செம்மண் புழுதியில், அந்த மேட்டில் ஏறினோம், இறங்கினோம், மறுபடி ஏறினோம். பாரோய்க்காரர் கூடவே கொண்டுவந்திருந்த மீட்டரின் விளக்குகளைப் பார்த்துப் பார்த்துப் பெட்டியின் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் மாறி மாறி இறங்கி, வேறு ஆட்களை ஏற்றிவிட்டார்கள். அக்கா மட்டும் கடைசிவரை இறங்கவே இல்லை. வண்டி இருமாமல் உச்சிக்கு ஏறியபோது முதலில் கைதட்டியவரும் அவர்தான்.

“திங்கக்கிழம எனக்கு ஆஸ்பத்திரியில ரத்தம் எடுக்கணும். ஏழு மணிக்கு ஒன்கூடவே வந்துர்றேன்” என்றார்.

“கண்டிப்பா வாங்கக்கா” என்றேன்.

திங்கட்கிழமை விடியும் முன்பே சேலை கட்டித் தயாராகிவிட்டேன். ஏழு பேரோடு அந்த மேட்டை வண்டி ஏறியதை உள்ளே உட்கார்ந்து பார்த்தவள் நான். இருந்தும் வண்டியை நம்ப முடியவில்லை; அக்காவும் ஏறினால் மேட்டில் நின்றுவிடுமோ என்றிருந்தது. ஆறே முக்காலுக்கே, “வண்டிய எடுங்க” என்றேன்.

“அக்கா வரணுமே?”

“நீங்க எடுங்க.”

வண்டி தெருவில் திரும்பும்போது அக்கா கண்ணாடியில் தெரிந்தார். கையில் பையோடு, கையை ஆட்டிக்கொண்டு, வீங்கிய காலோடு வேகமாக நடந்து வந்துகொண்டிருந்தார். வீட்டுக்காரர் பிரேக்கில் கால் வைத்தார்.

“போங்க” என்றேன்.

எட்டு மணிக்கெல்லாம் சிரம்பானில் இருந்தோம். வேலையும் கிடைத்தது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். பஸ் தாமதமாம்; ரத்தம் எடுக்கும் நேரம் முடிந்து, அடுத்த மாதம் வரச் சொல்லிவிட்டார்களாம். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவரோ, “இன்டர்வியூ நல்லா செஞ்சியாம்மா?” என்று கேட்டு, காப்பி கலந்து கொடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். காப்பியை மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.

அதன் பிறகு எத்தனையோ முறை அவர் பக்கத்தில் வண்டியை நிறுத்திக் கூப்பிட்டிருக்கிறோம். “இல்லம்மா, பஸ் வந்துரும்” என்று சிரித்துவிட்டு நடந்துபோவார்.