திரும்பிப் போன அமெரிக்கக் கடிதம்

ஓசூருக்கு பிராட்பேண்ட் வந்த புதிதில், அமெரிக்காவில் ஒரு சிறு கம்பெனியைப் பதிவு செய்து, பக்கத்து மத்திகிரியில் என் வாடகை வீட்டிலிருந்தே இணையத்தில் மென்பொருள் விற்றேன். வாடிக்கையாளர் பணத்தைப் பெற்றுத்தரும் நிறுவனம், என் முகவரியைச் சரிபார்க்க ரகசிய எண்ணோடு கடிதம் அனுப்பியது. அது வந்து சேராததால் என் கணக்கை முடக்கினார்கள். ஆத்திரத்தில் தெருவிலேயே தபால்காரரை மறித்துக் கத்தினேன்.

"என் லெட்டர எங்கய்யா தொலைச்ச?"

வீட்டுக்கார அம்மா வெளியே ஓடிவந்தார்.

"அவர ஏம்பா திட்டற? கவர்ல உன் பேரு இல்ல, ஏதோ அமெரிக்கா கம்பெனி பேருதான் இருந்துச்சு. அப்படி எதுவும் இங்க இல்லேன்னு நான்தான் திருப்பி அனுப்பினேன். நீ ஃபேக்டரி வேலைன்னுதானே சொன்ன?"

தொழில் செய்கிறேன் என்றால் வீடு தரமாட்டார் என்று நான் சொன்ன பொய் அது.

தபால்காரர் சைக்கிளை மிதித்துப் போனார். மன்னிப்புக்கூடக் கேட்காமல் நின்றேன். இன்றும் அதை நினைத்தால் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.