பின்பக்கத்து அரசங்கன்று

மே மாத வெயிலில் மும்பை மாட்டுங்காவில் ஒருவர் அண்ணாந்து, வாயைப் பிளந்துகொண்டு ஒரு கட்டடத்தையே பார்த்து நின்றால் அது சந்திரமௌலியாகத்தான் இருக்கும். பைத்தியமில்லை. கற்பக நிவாஸ் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். கற்பக நிவாஸ் வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். முனை வளைந்த பால்கனிகள், சூரியக்கதிர் போட்ட இரும்புக் கிராதிகள் எல்லாம் இன்னும் அப்படியே இருக்கின்றன. பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலிலும் பெயர் ஏறிவிட்டது. பெயர் ஏறி என்ன, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாமா? அந்த ஆள் தாமே என்று, ரயில்வே ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவர் முடிவு செய்துவிட்டார்.

ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் கையில் மூங்கில் கழியோடு கிளம்புவார். வீடு வீடாகப் போய்ச் சுவரையும் கூரையையும் தட்டிப் பார்ப்பார். பூச்சு கெட்டியாக இருந்தால் சத்தமும் கெட்டியாக வரும். உள்ளே விட்டுப்போயிருந்தால் காலி டப்பாவைத் தட்டிய மாதிரி இருக்கும். தட்டுவதோடு விடுவாரா? மொட்டை மாடியில் மழைத்தண்ணீர் போகும் ஓட்டையில் இலை அடைத்திருந்தால் அதற்கு ஒரு பிரசங்கம். பால்கனியில் பூந்தொட்டி கனத்தால் அதற்கு ஒன்று. ஏசிக்காகச் சுவரைத் துளைத்தவன் தொலைந்தான். ஜனங்கள் முணுமுணுப்பார்கள், ஆனால் சொன்னதைச் செய்வார்கள். அடுத்த தெருவில் ஒரு பால்கனி அப்படியே பெயர்ந்து விழுந்த வருஷம், கற்பக நிவாஸில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. அந்தப் பெருமை அவருக்கு நிறையவே இருந்தது.

அவருடைய ஜென்ம விரோதி அரசங்கன்று. காக்கை எச்சத்தில் வந்து விழும் விதை, நகம் நுழையாத விரிசலிலும் வேர் விட்டுவிடும். சின்னதில் பிடுங்காவிட்டால் பிறகு சுவரையே பிளக்கும். அரசைப் பிடுங்கினால் பாவம் என்று கட்டடத்தில் யாரும் தொடமாட்டார்கள். சந்திரமௌலிதான் வருஷா வருஷம் தாராவியிலிருந்து மாரிக்கண்ணனைக் கூப்பிட்டு, கயிற்றில் இறக்கி, வேரோடு எடுத்து விரிசலைப் பூசச் சொல்வார்.

"பாவமெல்லாம் எனக்கு வரட்டும், கட்டடம் நிக்கட்டும்" என்பார். இதைக் கூட்டத்திலும் சொல்வார், மாடிப்படியிலும் சொல்வார்.

இவ்வளவு பேசியவர் ஒரே ஒரு கன்றை மட்டும் விட்டுவைத்திருந்தார்.

அது பின்பக்கம், மூன்றாம் மாடியில் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே இருந்தது. இரண்டாம் மாடி ஜன்னலுக்கு மேல் மழை மறைப்பாக நீட்டியிருக்கும் சிமெண்ட் சஜ்ஜா சுவரோடு சேரும் இடுக்கில் முளைத்திருந்தது. முதலில் பார்த்தவள் அவர் மனைவி ஷ்யாமளா. டோம்பிவிலியில் கட்டிக்கொடுத்த மகள் சுஷ்மாவுக்கு வருஷங்கள் ஆகியும் குழந்தை இல்லை. ஆஸ்பத்திரியும் கோவிலும் ஏறி இறங்கியாகிவிட்டது. அந்த நேரத்தில் ஜன்னலடியில் அரசு முளைத்தால் ஷ்யாமளா வேறு என்ன நினைப்பாள்?

"தானாத் தேடிண்டு வந்திருக்கு. அவளுக்கு ஒண்ணு பொறக்கட்டும். அப்பறம் நானே எடுக்கச் சொல்றேன்" என்றாள்.

ஒரு மழைக்காலம்தானே என்று அவரும் விட்டார். சனிக்கிழமைதோறும் ஷ்யாமளா ஜன்னல் வழியாகச் சொம்பு ஜலம் விட்டுக் கும்பிட்டாள். மூன்றாம் மாடியில் மரத்தைச் சுற்ற ஏது இடம்? நின்ற இடத்திலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டாள். அடுத்த மே வந்தது, அதற்கடுத்த மேயும் வந்தது. மாரிக்கண்ணன் கயிற்றில் தொங்கிக்கொண்டே, "சார், பின்னாடி ஒண்ணு நிக்கி, எடுத்துரவா?" என்று கேட்டான். அப்புறம் பார்க்கலாம் என்று அவனை முன்பக்கம் அனுப்பினார். பின்பக்கத்தைத் தாமே பார்த்தாயிற்று என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டார். யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருஷ மே மாதம் இரண்டாம் மாடிப் பார்வதியம்மாள் அவரைக் கூப்பிட்டாள். அவரைச் சிறு பையனாகப் பார்த்தவள். இன்றும் 'டா' போட்டுத்தான் பேசுவாள். சமையலறைக் கூரையில், ஜன்னல் பக்கமாக ஈரம் படர்ந்திருந்தது. கழியால் தட்டினார். காலி டப்பா. எந்த ஜலம், எந்த வேர் என்று அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. தெரிந்தும் அந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? குக்கர் ஆவி என்றார். ஆவியை வெளியே விட வழி செய்யாமல் இப்படிச் சமைத்தால் கூரை என்னத்துக்கு ஆகும் என்று பார்வதியம்மாளையே கடிந்துகொண்டார். அவள் மகன் ஹரி பயந்துபோய் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டினான். அதற்குச் சுவரைத் துளைத்ததற்கும் சேர்த்து அவனுக்கு ஒரு பிரசங்கம் நடந்தது.

ஜூலையில் மழை விடாமல் அடித்தது. ஒரு நாள் காலை, பார்வதியம்மாள் அடுப்பில் பால் வைத்துக்கொண்டிருந்தபோது கூரையிலிருந்து ஒரு பாளம் அப்படியே பெயர்ந்து விழுந்தது. தலை தப்பியது. வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கட்டடமே அந்தச் சமையலறையில் வந்து நின்றது. சந்திரமௌலியும் வந்தார். கூரையில் தெரிந்த துருப்பிடித்த கம்பியைச் சுற்றிக்கொண்டு ஒரு வேர், விரல் கனத்துக்கு, பச்சையாக நின்றது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். 'எங்களை இத்தனை மிரட்டினீரே, ஓய்' என்று ஒருவராவது கேட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மழை சற்று ஓய்ந்ததும் மாரிக்கண்ணனை வரவழைத்தார். இந்தத் தடவை தாமே பின்பக்கம் நின்று, கையை நீட்டிக் காட்டி, எடுக்கச் சொன்னார். ஷ்யாமளா சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொண்டாள். கன்று லேசில் வரவில்லை. வேரோடு சஜ்ஜாவில் ஒரு துண்டும் உடைந்து வந்தது.

பிறகு இரண்டாம் மாடிக்குப் போனார். எப்போதும் கதவைக் கழியால் தட்டுகிறவர், அன்று வெறும் கையோடு போய் வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து உட்காரும்படி பார்வதியம்மாள் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"மாமி, அது குக்கர் ஆவி இல்லை" என்று ஆரம்பித்தார்.

"தெரியுமேடா" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சனிக்கிழமை ஆனா ஷ்யாமளா விடற ஜலம் எங்காத்து ஜன்னல்லதானே சொட்டறது. இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும். எல்லாரையும் அண்ணாந்து பார்க்கப் பழக்கினதே நீதானே. குழந்தைக்காகப் பண்றா, யாரும் எதுவும் கேக்கப்படாதுன்னு நான்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

அப்படியானால் இத்தனை வருஷமும் கழியைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறி இறங்கிய ஒவ்வொரு வீட்டிலும், அது தெரிந்துதான் அவருடைய பிரசங்கத்தைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்கள். பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது அவருக்கு. சமையலறையில் ஹரி மாட்டிய ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பார்வதியம்மாள் கட்டுப் போட்ட கையை மடியில் நகர்த்தி வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அது கெடக்கு. சுஷ்மாவுக்கு ஏதாவது விசேஷம் உண்டாடா?"

சந்திரமௌலி இல்லை என்று தலையை ஆட்டினார்.