நன்றிக் கடிதம் போகாத வருடம்

பூதப்பாண்டிப் பக்கத்தில் வயல் வேலை செய்த குடும்பம் முத்துநாயகத்தினுடையது. அதில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் அவன்தான். அந்தப் பெருமையை அவன் ஒளித்ததே இல்லை. கையெழுத்துப் போட்டால்கூடக் கீழே படிப்பையும் எழுதிவிடுவான். கருங்கல்லில் ஒரு துணிக்கடை மாடியில் இரண்டு அறை பிடித்து மென்பொருள் கம்பெனி தொடங்கியிருந்தான். வேலைக்கு இரண்டே பேர்: உள்ளூர்க்காரன் பெனின், கடற்கரை ஊர்ப் பெண் ஷிஜி.

டிசம்பர் கடைசியில் மூவரும் ஏத்தங்காய் சிப்சும் சாயாவுமாக உட்கார்ந்து, அந்த வருடம் யார் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று பேசுவது வழக்கம். பிறகு அதையெல்லாம் கடிதமாக எழுதி வாடிக்கையாளர் அனைவருக்கும் அனுப்புவான் முத்துநாயகம்.

2017இலும் உட்கார்ந்தார்கள்.

"மக்கா, நீ தொடங்கு," என்றான் முத்துநாயகம் பெனினிடம்.

"புதுசா மூணு பள்ளிக்கூடம் கெடச்சு. எனக்குக் கல்யாணமும் ஒறச்சாச்சு," என்றான் பெனின். "பொண்ணு வீட்டுக்காரங்களுக்குத்தான் பெரிய நன்றி. என்ன நேர்ல பாத்த பெறவும் சரின்னு சொல்லிட்டாவ."

யாரும் சிரிக்கவில்லை. ஷிஜி சாயாவைத் தொடவே இல்லை.

"எனக்கு நன்றி சொல்ல ஆருமில்ல அண்ணா. அந்தக் கட்டத்த எடுக்காண்டாம்னு நான் அன்னைக்கே சொன்னேன்."

அந்த வருடத் தொடக்கத்தில் ஷிஜியின் ஊர்ப் பங்குக் கோயிலுக்கு, கடலுக்குப் போகிறவர்களையும் திரும்புகிறவர்களையும் பதியும் கணினிப் பட்டியல் ஒன்றை இலவசமாகச் செய்து கொடுத்திருந்தார்கள். அந்த ஊரில் மிக்கேல் மகன் சிலுவை என்று இரண்டு பேர். ஒருவனை நெத்திலி என்பார்கள், மற்றவனைக் கொட்டாவி என்பார்கள். பட்டப்பெயருக்கென்று ஷிஜி ஒரு கட்டம் வைத்திருந்தாள்.

"படிச்ச நம்ம செய்யுத காரியத்துல நெத்திலி, கொட்டாவின்னு கெடந்தா சிரிக்க மாட்டாவளா பிள்ளே?" என்று அதை எடுத்தவன் முத்துநாயகம். ஒரே பெயரும் ஒரே தகப்பன் பெயரும் இருமுறை வந்தால் ஒன்றாக்கிவிடும்படி நிரல் எழுதியவனும் அவன்தான்.

நவம்பர் கடைசியில் புயல் அடித்தது. கொட்டாவி கரையேறியதும் பட்டியலில் மிக்கேல் மகன் சிலுவை 'திரும்பினார்' என்று விழுந்தது. நெத்திலியோ வெளியூர்ப் படகில் போயிருந்தான். ஆளைக் காணோம் என்று அவன் மனைவி விக்டோரியா போய் நின்ற இடத்திலெல்லாம் அந்தப் பட்டியலின் அச்சுத் தாளைக் காட்டி, "வந்தாச்சுன்னுல்லா இருக்கு" என்றார்கள். தேட வேண்டியவர்களில் அவன் பெயர் ஏற இரண்டு நாள் ஆயிற்று. அவன் இன்னும் வரவில்லை.

முத்துநாயகம் சிப்ஸ் தட்டை ஒதுக்கிவிட்டு எழுந்தான். மதியப் பேருந்தில் ஷிஜியோடு விக்டோரியா வீட்டுக்குப் போனான்.

"இவருதான் அந்தக் கம்பியூட்டர்காரரா?" என்று ஷிஜியிடம் கேட்டபடி விக்டோரியா ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டாள்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த பேச்சை விட்டுவிட்டு, முத்துநாயகம் பெஞ்சில் உட்கார்ந்தான். "தப்பு எனக்கதுதான் அக்கா. இவ சொன்னா. நான் கேக்கல."

விக்டோரியா உள்ளே போய் ஒரு பேனா எடுத்துவந்தாள். "அதத் தாளுல எழுதித் தாங்க. ரெண்டும் ரெண்டு ஆளுன்னு எழுதுங்க. நிவாரண ஆபீசுல இப்பவும் நம்ப மாட்டேங்காவ."

பையிலிருந்த, கம்பெனிப் பெயர் அச்சடித்த தாளில் எழுதினான். நெத்திலி என்பதையும் எழுதினான். கையெழுத்தைப் பெயரோடு நிறுத்திக்கொண்டான்.

அவள் எழுத்துக்கூட்டி வாசித்து, தாளை மடித்தாள்.

"அந்த ரெண்டு நாளும் அவரு உசிரோட கெடந்திருப்பாரா?"

"தெரியாதுக்கா."

"அடுத்த வீட்டு ஜேசுதாஸ் இதே புயல்ல மூணு நாள் தண்ணியில கெடந்து வந்தவன்," என்றாள். அழவில்லை. உள்ளே பிள்ளை கூப்பிட, போய்விட்டாள்.

"வாங்க அண்ணா, பஸ் போயிரும்," என்றாள் ஷிஜி.

அவன் எழுந்திருக்கவில்லை.