மூன்றரை டன்னுக்குள்

என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் அந்தக் கோப்பையைப் பற்றித்தான் சொல்வார்கள். பழைய உழவு டிராக்டரை வைத்துக்கொண்டு மூன்றரை டன் வகுப்பில் முழுத் தூரம் இழுத்தவர், பெரிய கெட்டிக்காரர், தங்கமான மனுஷன் என்பார்கள். சொல்லிவிட்டு உச்சுக்கொட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த மனுஷன் எப்படிச் செத்தார் என்பதை நான் சொல்கிறேன். என்னையும் சேர்த்து இரண்டு பேர் பக்கத்தில் நின்று கைதட்டக் கைதட்டச் செத்தார்.

அவர் டிராக்டர் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைதான் பட்டறை. முன்னறையில் என் தையல் மெஷின். ஆள் தொண்ணூற்றாறு கிலோ. 'பீப்பாய்' என்றுதான் தெருவில் கூப்பிடுவார்கள், அவரும் "யாரு?" என்று கதவைத் திறந்துகொண்டு வருவார். நான் அவருக்குச் சட்டை தைத்தால் துணி எப்போதும் அரை மீட்டர் கூடுதலாகப் போகும். நன்றாகச் சாப்பிடுவார், நன்றாகத் தூங்குவார், யாரையும் கடிந்து பேசமாட்டார். ஒரே ஒரு கிறுக்கு உண்டு. அது இழுவைப் போட்டி.

அந்தப் போட்டியைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. டிராக்டருக்குப் பின்னால் ஒரு நீள வண்டியைக் கட்டிவிடுவார்கள். அதன்மேல் இரும்புப் பெட்டி, பெட்டி நிறையப் பாரம். வண்டி நகர நகர அந்தப் பெட்டி பின்பக்கமிருந்து முன்பக்கம் ஏறி வரும். ஏற ஏற வண்டியின் முன் பலகை மண்ணில் அழுந்தும். நூறு மீட்டர் இழுக்க வேண்டும். பலர் எழுபதில் நின்றுவிடுவார்கள். எண்பதைத் தாண்டினால் டிராக்டரின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும், முன்சக்கரம் தரையைத் தொடாது, அப்புறம் எவ்வளவு புகை விட்டாலும் பிரயோஜனமில்லை. மூக்கு தூக்காமல் இருக்க முன்னால் இரும்புப் பிளேட் தொங்கவிடுவார்கள். ஆனால் இஷ்டத்துக்குத் தொங்கவிட முடியாது. டிராக்டர், டீசல், ஓட்டுகிறவர், அவர் காலில் கிடக்கிற பூட்ஸ் எல்லாம் சேர்த்து எடைமேடையில் மூவாயிரத்து ஐந்நூறு கிலோவைத் தாண்டக் கூடாது.

அவருடைய டிராக்டர் முப்பத்தெட்டு வருஷப் பழசு. ஒரு விவசாயி வீட்டில் கோழி அடைந்துகொண்டிருந்த வண்டி. அதைக் கொண்டுவந்து லாரியின் டர்போவை மாட்டினார், டீசல் பம்பைத் திறந்துவிட்டார், பிஸ்டனை மாற்றினார், டயர் பட்டைகளைக் கத்தி மாதிரிச் சீவினார். எடையைக் குறைக்க விளக்கு, மட்கார்டு, சீட்டு மெத்தை, சீட்டுக்கடியில் இருந்த ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றி எறிந்தார். போல்ட்டில் நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அரை அங்குலத்தைக்கூட அறுத்தார். முதல் வருஷம் எழுபத்தோரு மீட்டர். இரண்டாம் வருஷம் தொண்ணூற்றொன்பது மீட்டர் அறுபது. நாற்பது சென்டிமீட்டரில் போயிற்று. அதை விரலை விரித்து எல்லாருக்கும் காட்டிக்கொண்டே திரிந்தார்.

அவருக்குக் கூட்டாளி ஒரு லேத்துக்காரர். சின்ன வயசிலிருந்து சிநேகம். பிளேட்டுகளை அறுத்துக் கொடுப்பது அவர்தான். என்னைத் தங்கச்சி என்பார். அந்த மகானுபாவர்தான் ஒரு நாள் டீயை உறிஞ்சிக்கொண்டே ஆரம்பித்து வைத்தார்.

"டேய், இரும்புல குறைக்க இனி ஒண்ணும் மிச்சமில்ல. குறைக்கணும்னா உன் தொந்தியிலதான் குறைக்கணும்."

"விளையாடாதடா."

"விளையாடல. சீட்டில உக்காந்திருக்கிற கிலோ சும்மா உக்காந்திருக்கு. அதே கிலோவ மூக்கில தொங்கவிட்டா உனக்காக உழைக்கும். பன்னெண்டு கிலோ குறை. எண்பத்தி நாலுக்கு வா. பன்னெண்டு கிலோவுக்கு நான் பிளேட் அறுத்துத் தரேன். அந்த நாப்பது சென்டிமீட்டர் எங்க போயிடும்னு பாக்கலாம்."

எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. வருஷக்கணக்காக நான் சொல்லிக் கேட்காத மனுஷன், டிராக்டருக்காகவாவது இளைத்தால் போதாதா? "அண்ணே, நல்ல யோசனை சொன்னீங்க" என்றேன். இன்னொரு டீயும் கொடுத்தேன்.

முதல் இரண்டு மாசம் வீடு வீடாக இல்லை. பசித்தால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். ஸ்பேனரைத் தூக்கி எறிவார். நான் துணி வெட்டுகிற சத்தம்கூட அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு தரம் அலமாரிக்குப் பின்னால் நின்று பிஸ்கட் தின்றுகொண்டிருந்தவரைக் கையும் களவுமாகப் பிடித்தேன். இப்படி அழுது புரண்டு ஆறு கிலோ குறைத்தார். வெள்ளிக்கிழமைதோறும் பட்டறையில் பழைய இரும்பு எடைபோடுகிற தராசில் ஏறி நிற்பார். லேத்துக்காரர் முள்ளைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வார். நான் "சபாஷ்" என்பேன். குறைந்த எடைக்குச் சரியாக ஒரு பிளேட் அறுத்து டிராக்டர் மூக்கில் மாட்டுவார்கள். பிளேட்டில் சாக்கட்டியால் எழுதுவார்கள்: தொந்தி. அடுத்ததில்: தாடை. அதற்கடுத்ததில் எழுதியதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. எழுதினவர்களைவிட அதிகமாகச் சிரித்தவள் நான்.

மூன்றாம் மாசம் அவருக்குப் பசி நின்றுவிட்டது.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். பட்டினி கிடக்கிறவனுக்குப் பசிக்கும், எரிச்சல் வரும், பிஸ்கட் திருடுவான். இவர் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சாந்தமாக உட்கார்ந்திருந்தார். நாங்கள் என்ன நினைத்தோம்? உடம்பு பழகிவிட்டது, மனுஷன் ஜெயித்துவிட்டான் என்று நினைத்தோம். வாரம் அரைக் கிலோ, ஒரு கிலோ, சில வாரம் ஒன்றரைக் கிலோ என்று தானாக இறங்கியது. லேத்துக்காரர் வெல்டிங் கடைக்காரர்களிடமெல்லாம் என் வீட்டுக்காரரின் மன உறுதியைப் பற்றிப் பேசிக்கொண்டு திரிந்தார்.

நான் மட்டும் என்ன? கேஸ்கட் வாங்கப் போன இடத்தில் ஒரு பெண்பிள்ளை அவரைப் பார்த்து "அண்ணன் இளமையாயிட்டாரு" என்றாளாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் அவரை நான் அழகன் என்று நினைத்தது அந்தச் சில மாசம்தான். பேன்ட்டுகளைப் பிரித்துப் பிரித்து இடுப்பைப் பிடித்துத் தைத்தேன். போட்டியில் போடுகிற உடுப்பை நான்கு தரம் பிடித்தேன். டேப்பை இடுப்பில் சுற்றி அளந்தவள் நான். நாற்பத்து நான்கு அங்குலம் முப்பத்து மூன்றாக வந்ததை அங்குலம் அங்குலமாகப் பார்த்தவள் நான். ஊரார் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். எனக்கு என்ன கேடு?

எண்பத்து நான்கு வந்தால் போதும் என்றுதான் ஆரம்பித்தது. எண்பத்து நான்கு வந்த வெள்ளிக்கிழமை கேக் வாங்கி வெட்டினோம். அவர் மட்டும் சாப்பிடவில்லை. "பாத்தீங்களா கட்டுப்பாட்ட" என்று லேத்துக்காரர் அவருடைய பங்கையும் சேர்த்துத் தின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை எண்பத்து மூன்று. அதற்கடுத்து எண்பத்து ஒன்றரை. போதும் என்று சொல்ல அங்கே ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. மூக்கில் பிளேட் கூடிக்கொண்டே போனது, ஒத்திகையில் டிராக்டர் பாயில் படுத்த மாதிரி நேராக ஓடியது.

முதுகு வலிக்கிறது என்றார். ஸ்பிரிங்கும் மெத்தையும் இல்லாத இரும்புச் சீட்டு, வலிக்காமல் என்ன செய்யும் என்றோம். கண் மஞ்சளாக இருந்தது. நாள் முழுக்க டீசல் புகையில் நின்றால் அப்படித்தான் என்றார், நானும் சரி என்றேன். நான்கு நட்டு முடுக்கிவிட்டு டயர்மேல் உட்கார்ந்துவிடுவார். போட்டி நெருங்குகிறது, கவலை என்றோம். ஒவ்வொன்றுக்கும் எங்களிடம் டிராக்டரிலிருந்தே ஒரு காரணம் இருந்தது. ஒரு இன்ஜினில் வாரம் ஒரு லிட்டர் ஆயில் குறைந்தால் அந்த மனுஷன் அன்றைக்கே அதைப் பிரித்துப் போட்டுவிடுவார். எங்கே போகிறது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்காது.

ஒரே ஒரு தரம் கேட்டேன். சட்டையைக் கழற்றும்போது தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

"ஏங்க, ஒரு எட்டு டாக்டரப் பாத்துட்டு வந்துடலாமே."

"இன்னும் மூணு வாரம். போட்டி முடியட்டும். டாக்டர் என்ன சொல்வாரு? நல்லா சாப்பிடுங்கம்பாரு. சாப்பிட்டா எல்லாம் பாழு."

"சாப்பிட்டுத் தொலைங்களேன்."

"நீதானடி சபாஷ் சபாஷ்னு சொன்னே."

உடுப்பை ஐந்தாம் தரம் பிடிக்க உட்கார்ந்தேன். துணி அதற்குமேல் மடங்க மறுத்தது.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை பட்டறைத் தராசில் எழுபத்தோரு கிலோ. அதை வைத்து மூவாயிரத்து ஐந்நூறுக்குச் சரியாகக் கணக்குப் போட்டு வண்டியை ஏற்றிக்கொண்டு போனார்கள். மைதானத்து எடைமேடையில் அவர் சீட்டில் உட்கார்ந்தார். மூவாயிரத்து நானூற்றுத் தொண்ணூற்றேழு காட்டியது. லேத்துக்காரர் துள்ளிக் குதித்தார். "டேய், மூணு கிலோ இடமிருக்குடா" என்று கத்திக்கொண்டே வேனுக்கு ஓடி ஒரு துண்டு இரும்பைக் கொண்டுவந்து மூக்கில் கட்டினார்.

வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் மூன்று கிலோ. அன்றைக்குத்தான், அத்தனை மாசத்தில் முதல் தரமாக, எனக்குப் பயம் வந்தது.

"வேண்டாங்க. இறங்கி வாங்க. இப்பவே போலாம்."

"முடிச்சிட்டு நேரா டாக்டர்கிட்டதான். சத்தியமா."

காலைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். எடைமேடைக்கு முன்னால் விழுந்து புரண்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? உடுப்பு இடுப்பில் தொளதொளவென்று கிடந்தது, கியரில் மாட்டிக்கொள்ளப் போகிறது என்று பின்பக்கம் நான்கு ஊக்குக் குத்திவிட்டேன். குத்தி முடித்து முதுகில் தட்டியும் கொடுத்தேன்.

முழுத் தூரம் இழுத்தார். மூக்கு ஒரு விரற்கடை கூடத் தூக்கவில்லை. கொடிக்காரர் கொடியை உயர்த்தினார், ஒலிபெருக்கியில் பெயரைக் கத்தினார்கள், லேத்துக்காரர் மண்ணில் உட்கார்ந்து அழுதார். டிராக்டர் நின்றது, புகை அடங்கியது, அவர் இறங்கவில்லை. கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவே முடியவில்லை. இரண்டு பேர் ஏறித் தூக்கினார்கள். அதில் ஒருவர் இறக்கிவைத்துவிட்டு, "என்னங்க, ஆளு இவ்வளவு லேசா இருக்காரு" என்றார். கோப்பையை நான்தான் வாங்கினேன்.

மறுநாள் ஆஸ்பத்திரி. டாக்டர் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். "எடை எப்பலேருந்து குறையுது?" என்று கேட்டார். பொதுவாக இந்தக் கேள்விக்கு நோயாளியோடு வருகிறவர்கள் திருதிருவென்று முழிப்பார்களாம். லேத்துக்காரர் மனப்பாடமாக ஒப்பித்தார், எட்டு மாசம், வெள்ளி வெள்ளியாக, அரைக் கிலோ சுத்தமாக. இடுப்பளவை நான் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவ்வளவு துல்லியமா தெரிஞ்சிருக்கு. அப்புறம் ஏன் வரல?"

கட்டிலிலிருந்து அவர்தான் பதில் சொன்னார். "குறையணும்னுதானே டாக்டர் குறைச்சோம்."

கணையத்தில் கட்டி. வராண்டாவில் வைத்து என்னிடம் சொன்னார்கள். நான்கு மாசத்துக்கு முன்னால் வந்திருந்தால் வெட்டி எடுத்திருக்கலாம், இப்போது ஈரலெல்லாம் பரவிவிட்டது என்றார் டாக்டர். நான்கு மாசத்துக்கு முன்னால் என்றால் கேக் வெட்டின வாரம். லேத்துக்காரர் சுவரோடு சாய்ந்து, "தங்கச்சி, நான்தான், நான்தான்" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆமாம், நீதான் என்று சொல்ல வாய் துடித்தது. சொன்னால் அடுத்த வார்த்தை என்னைப் பற்றி வரும் என்பதால் சொல்லவில்லை. இன்றைக்கு வரை அவரோடு எனக்குப் பேச்சில்லை.

பதினோரு வாரம் கிடந்தார். வாரத்துக்கு ஒரு தரம் நர்ஸ் எடைக்கருவியை உருட்டிக்கொண்டு வருவார். ஆரம்பத்தில் நான் தோளைப் பிடித்துக்கொள்ள அதில் நின்றார். பிறகு நாற்காலியோடு வைத்து எடை போட்டார்கள். பத்தாவது வாரம் வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள், அரைத் தூக்கம். கட்டிலோடு நிறுக்கிற கருவியைக் கொண்டுவந்தார்கள். நர்ஸ் எண்ணைப் பார்த்துவிட்டு அட்டையில் எழுதிக்கொண்டே, "நாப்பத்தி நாலு. போன வாரத்துக்கு ரெண்டு கிலோ கம்மி" என்றார்.

"சபாஷ்" என்றேன்.

நான் நினைத்துச் சொல்லவில்லை. எட்டு மாசம் வெள்ளிக்கிழமை தவறாமல் சொன்ன வாய், எண்ணைக் கேட்டதும் தானாகச் சொல்லிவிட்டது. நர்ஸ் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அது அவர் காதில் விழுந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே சிரித்தார். பட்டறையில் தராசைவிட்டு இறங்கும்போது சிரிப்பாரே, அதே பெருமை. எத்தனையோ நாளாக அந்த முகத்தில் சிரிப்பே வந்ததில்லை. இன்னும் ஏதோ கேட்கக் காத்திருக்கிற மாதிரி முகத்தை என் பக்கம் திருப்பினார்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு தரமும் சொன்னேன்.