சாமி சொன்னதும் நான் சொன்னதும்

என் மகள் கல்லூரியில் பாஸ்கெட்பால் ஆடினாள். மூன்று வருடம், அவர்கள் அணி எந்த ஊருக்கு ஆடப் போனாலும் பின்னாலேயே அம்மாக்கள் நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போவோம். கோயமுத்தூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், ஈரோடு என்று சுற்றாத ஊரில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆட்டத்தின் சட்டதிட்டம் இன்றைக்கும் எனக்கு முழுசாகத் தெரியாது. நம் பிள்ளைகள் கூடையில் போட்டால் கத்த வேண்டும், எதிரணி போட்டால் சாபம் கொடுக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஆட்டம் அவ்வளவுதான்.

வேனில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. ஆட்டம் தொடங்கும் முன்னால் பெண்களை வரிசையாக நிறுத்தி, முருகனை நினைத்து நெற்றியில் திருநீறு பூசுவேன். கோச்சுகூடக் குனிந்து வாங்கிக்கொள்வார். செவ்வாய், வெள்ளி கோயிலுக்குத் தவறாதவள், கிருத்திகைக்கு விரதம் இருக்கிறவள் என்று எல்லோருக்கும் என்மேல் ஒரு மரியாதை. அந்த மரியாதையைக் கையில் வைத்துக்கொண்டு நான் செய்த காரியத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்களை நல்லவர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கரூரில் எதிரணியில் நெடுநெடுவென்று ஒரு பெண். எங்கள் பிள்ளை செய்த ஃபவுலுக்காக அவள் தனியாக நின்று இரண்டு முறை பந்தை எறிய வேண்டும். மைதானமே அமைதியாக இருந்தது. எங்களோடு வருகிற பம்ப்செட் பட்டறைக்கார அக்கா எழுந்து நின்று, "ஏ கொக்கு! மீனு புடிக்க வந்தயா, பந்து போட வந்தயா?" என்று கத்தினார். நாங்கள் எல்லோரும் கொக்கு மாதிரியே கழுத்தை நீட்டிக் காட்டிச் சிரித்தோம். அந்தப் பெண் இரண்டு பந்தையும் தவறவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் திரும்ப ஓடினாள். நான் "முருகா, முருகா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். எங்கள் பக்கம் அவன் நிற்கிறான் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் அணியில் ஒரு பெண்ணின் அம்மாவை நாங்கள் மில்லுக்காரி என்போம். நூல்மில்லில் ஷிப்டு வேலை. புருஷன் லாரி ஓட்டப் போனால் பத்து நாளைக்கு வீடு திரும்ப மாட்டார். மாற்று ஆள் கிடைத்தால்தான் அவளுக்கு லீவு. அதனால் அவள் வேனில் வந்தது மொத்தம் இரண்டே முறை. முதல் முறை சேலம். இரண்டு புள்ளியில் தோற்றோம். அடுத்தது நாமக்கல். அன்றைக்கு என் மகள் கால் பிசகி விழுந்தாள். அதிலும் தோற்றோம். இரண்டு ஆட்டத்திலும் மில்லுக்காரியின் மகள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள். கோச்சு அவளை இறக்கவே இல்லை.

நாமக்கல்லிலிருந்து திரும்பும்போது மில்லுக்காரி தான் சுட்டுக் கொண்டுவந்த முறுக்கை ஒவ்வொரு சீட்டாக நீட்டினாள். ஒருத்தரும் எடுக்கவில்லை. பட்டறைக்கார அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, காதில் விழும்படியாகவே சொன்னார்.

"சில பேரு காலெடுத்து வெச்சாலே போதுமுங்க. வண்டி பஞ்சராகாம ஊடு போய்ச் சேந்தாச் செரி."

என் மடியில் மகளின் வீங்கிய கால் இருந்தது. நானும் முறுக்கை எடுக்கவில்லை.

அதற்கப்புறம் அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தொடர்ந்து மூன்று ஆட்டம் ஜெயித்தோம். ராசி இல்லாதவள் என்பது அதோடு முடிவாகிவிட்டது. ஆனால் அந்த மூன்று ஆட்டத்திலும் என் மகளின் இடத்தில் ஆடியது அவளுடைய மகள்தான். கால் சரியான பிறகும் கோச்சு என் மகளை உள்ளே கூப்பிடவில்லை. "அந்தப் புள்ளை நல்லா ஆடறாளுங்கம்மா, பொறுங்க," என்றார். என் மகள் மடியில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் இருந்து கை தட்டினாள். நானும் தட்டினேன். எனக்குள் என்ன வெந்தது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

கடைசி ஆட்டம் ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில். பிள்ளைகளுக்குப் படிப்பு முடியப்போகிறது. அதற்குமேல் கல்லூரி ஆட்டம் கிடையாது. இரண்டு நாள் முன்னால் மில்லுக்காரி என் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஏனுங்க்கா, வேன்ல ஒரே ஒரு எடமுங்க. சீட்டு இல்லீன்னாலும் செரி, நின்னுக்கிட்டே வாரனுங்க. ஷிப்டு மாத்திப்போட்டேன்."

"கேட்டுச் சொல்றேன், அம்மணி."

"என்ற புள்ள ஆடி நான் ஒருக்காக்கூடப் பாத்ததில்லீங்க. போன்ல காட்டுனா. எறும்பு ஓடறாப்பல இருக்குது, எது என்ற புள்ளைன்னே தெரியலீங்க."

மற்றவர்களிடம் சொன்னேன். யாருக்கும் இஷ்டமில்லை. பட்டறைக்கார அக்காதான் வழி சொன்னார்.

"நம்ம வாயால வேண்டாம்ங்கறது எதுக்குங்க? பூ கேட்டுப்போடுவோம். சாமி வரட்டும்னா வரட்டும். நீங்களே போயிக் கேளுங்கோ. உங்க கைக்குத்தான் சாமி பேசும்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் பேசுவதென்றாலும் கிணறு வெட்டுவதென்றாலும் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், சிவப்புப் பூவை ஒரு பொட்டலம் என்று இலையில் கட்டிச் சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. அதற்குமேல் யாரும் பேச மாட்டார்கள்.

மறுநாள் காலையில் தலைக்குக் குளித்துவிட்டு எங்கள் தெரு முருகன் கோயிலுக்குப் போனேன். வெள்ளரளி ஒன்று, செவ்வரளி ஒன்று, வாழை இலைத் துண்டில் கட்டி வைத்தேன். பூசாரியின் பேத்தி, நாலு வயசுக் குழந்தை, அங்கே விளையாடிக்கொண்டிருந்தாள். "கண்ணு, ஒண்ணை எடுத்துப் பெரியம்மாகிட்டக் கொடு," என்றேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். முருகா, அவள் வரலாமா?

குழந்தை கொடுத்த பொட்டலத்தைப் பிரித்தேன். வெள்ளை.

பூசாரி திரி போட்டுக்கொண்டிருந்தார், பார்க்கவில்லை. குழந்தைக்கு நான் கேட்ட கேள்வி தெரியாது. சாமிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அந்த வெள்ளைப் பூவைப் பார்த்தபோது என் கண்ணுக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். என் மகள் பெஞ்சில் இருப்பாள், அவள் மகள் கூடையில் போடுவாள், அந்த மில்லுக்காரி என் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து சிரிப்பாள். தோற்றுவிடுவோமோ என்ற பயம் எனக்கு இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்கு மனசில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை.

வெள்ளைப் பூவை இடுப்பில் செருகிக்கொண்டேன். இன்னொரு பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பூ கேட்கப்போவதை முந்தின நாளே அவளுக்குச் சொல்லியனுப்பியிருந்தோம். மில்லுக்காரி கோயில் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மில்லிலிருந்து நேராக வந்திருக்கிறாள். புருவத்தில், தலைமுடியில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்னுங்க்கா சொல்லுச்சு?"

பொட்டலத்தை அவள் முன்னால் பிரித்துக் காட்டினேன். செவ்வரளி.

"செவப்புங்க அம்மணி."

அவள் அழவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலைப் பார்த்துக் கும்பிட்டாள். "சாமி தெரிஞ்சுதான் சொல்லும்," என்றாள். கொஞ்ச தூரம் போனவள் திரும்பி வந்தாள்.

"அக்கா, வேன்ல வரலாமான்னு கேட்டீங்களா, கிரவுண்டுக்கே வரலாமான்னு கேட்டீங்களா?"

"வரலாமான்னு கேட்டேன்."

"காலேஜ் கேட்டுக்கு வெளிய நிக்கறதைப் பத்திக் கேக்கலை?"

"இல்லை."

"அப்பன்னா நானு பஸ்ஸுல வந்து வெளிய நின்னுக்கறனுங்க. உள்ள வர மாட்டேன். சத்தமாச்சும் கேக்குமில்லீங்க?"

வீட்டுக்கு வந்து வெள்ளைப் பூவைக் குப்பைக் கூடையில் போட்டேன். சாமி கையால் கொடுத்ததை வாழைக்காய்த் தோலோடு போட்டேன்.

ஆட்டத்தன்று அவிநாசியில் வேனை நிறுத்திச் சாமி கும்பிட்டுவிட்டுப் போனோம். நாங்கள் போய் இறங்கும்போதே அவள் கல்லூரி கேட்டுக்கு எதிரே ஒரு வேப்பமரத்தடியில் நின்றாள். எங்களைப் பார்த்ததும் இன்னும் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். கம்பிக் கேட்டு திறந்திருந்தது. அங்கிருந்து பார்த்தால் மைதானத்தில் ஒரு பக்கத்துக் கூடை மட்டும் தெரியும்.

திருநீறு பூசும்போது அவள் மகள் என்னிடம் கேட்டாள். "பெரியம்மா, அம்மா வர்றேன்னு சொல்லுச்சே, எங்கீங்க?"

"வெளிய இருக்கறா கண்ணு. நீ ஆட்டத்தைப் பாரு," என்று நெற்றியில் அழுத்திப் பூசிவிட்டேன்.

ஆட்டம் கடைசிவரைக்கும் இழுபறி. நடுவில் பட்டறைக்கார அக்கா என் தொடையைக் கிள்ளினார். "அங்க பாருங்கோ." திரும்பினேன். மில்லுக்காரி கேட்டருகே வந்திருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். கால் இரண்டும் வெளியேதான் இருந்தன. தலை மட்டும் உள்ளே.

பட்டறைக்கார அக்கா விடுவிடுவென்று போனார். நானும் பின்னால் போனேன்.

"ஏனுங்க அம்மணி, சாமி ஒருக்காச் சொன்னா உங்களுக்குப் பத்தாதுங்களா? பன்னெண்டு புள்ளைங்க பாடுபட்டு ஆடுது. ஒரு மனுசி எட்டிப் பாத்துக் கெடுக்கோணுமா?"

"கால் வெளியதாங்க இருக்குது…"

"கண்ணு உள்ள இருக்குதில்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் வாட்ச்மேனைப் பார்த்து, "கேட்டைச் சாத்துங்கண்ணா," என்றேன். அந்தக் கேட்டில் பாதி உயரத்துக்குத் தகரம் அடித்திருந்தது. சாத்தியதும் அவள் நெற்றியும் தலைமுடியும் மட்டும் தெரிந்தன. பிறகு அதுவும் கீழே போய்விட்டது.

கடைசிப் பந்தை அவள் மகள்தான் போட்டாள். மைதானமே எழுந்து கத்தியது. என் மகள் பெஞ்சிலிருந்து ஓடிப்போய் அவளைத் தூக்கிச் சுற்றினாள். என் மகளுக்கு என் குணம் இல்லை.

கப்பு வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வெளியே வந்தபோது மில்லுக்காரி மரத்தடியிலிருந்து ஓடி வந்தாள்.

"அம்மா, கடைசியாப் போட்டனே, பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு. எல்லாரும் கத்துனாங்களே, அதுதான? நல்லாப் பாத்தேன்."

அந்தப் பெண் கேட்டைப் பார்த்தாள். அது இன்னும் சாத்தியேதான் இருந்தது. பிறகு எங்களைப் பார்த்தாள். அம்மாவின் சேலைத் தலைப்பை எடுத்து முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டாள். நான் பூசிய திருநீறும் அதோடு போனது.

பட்டறைக்கார அக்கா சந்தோஷத்தில் மில்லுக்காரியின் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா அம்மணி? சாமி பேச்சைக் கேட்டீங்க, கப்பு வந்துருச்சு. உங்களாலதானுங்க!" எல்லோரும் அவளுக்குக் கை தட்டினார்கள். அவளும் சிரித்தாள். திரும்பி வருகையில் வேனில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. அதில் கப்பை உட்கார வைத்து, துண்டால் கட்டினோம். அவளை வா என்று யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில்தான் போனாள்.

சில மாதம் கழித்து, அவள் மகளுக்கு விளையாட்டுக்காரர்களுக்கான ஒதுக்கீட்டில் சென்னையில் வேலை கிடைத்தது. பழைய சிநேகிதத்துக்கு வழியனுப்ப என் மகள் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினாள். நானும் போனேன். பஸ் பக்கத்தில் பையை வைத்துக்கொண்டு அந்தப் பெண் தனியாக நின்றாள். அம்மா எங்கே என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், எதிரே டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள்.

ரோட்டைத் தாண்டிப் போனேன். மில்லுக்காரி டீக்கடைத் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

"இங்க என்ன பண்றீங்க அம்மணி? புள்ளைய ஏத்தி உட வேண்டாமா?"

"வேண்டாமுங்க்கா. நல்ல காரியத்துக்குப் போறா. நான் கிட்டக்கப் போயி நிக்கக்கூடாது. இண்டர்வியூக்குப் போறப்பவும் நான் மூஞ்சி காட்டலீங்க. கெடைச்சுதில்ல? நாளைக்குக் கல்யாணம் காச்சின்னாலும் பின்னால நின்னுக்குவேன்."

அங்கேயே சொன்னேன்.

"அம்மணி, அன்னிக்கு வந்தது வெள்ளைப் பூ. சாமி உங்களை வரச் சொல்லுச்சு. நாந்தான் மாத்திச் சொல்லிப்போட்டேன். என்ற புள்ள பெஞ்சுல உக்காந்திருக்கறப்ப நீங்க சந்தோசப்படறதைப் பாக்கப் புடிக்காமச் செஞ்சுபோட்டேன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க எதுக்குங்க்கா என்னைத் தேத்தறதுக்காகச் சாமி பேருல பொய் சொல்லிப் பாவத்தைத் தேடிக்கறீங்க? செவப்பை என்ற கண்ணாலதானுங்க பாத்தேன்."

"அது ரெண்டாவது பொட்டலமுங்க…"

"உடுங்க்கா. இத்தனை நாளா எங்கிட்ட ஒருத்தரும் இப்பிடி ஆறுதலாப் பேசுனதில்லீங்க. உங்க மனசு யாருக்கு வரும்?"

முருகன் மேல் சத்தியம் செய்தேன். அவள் பதறிப்போய் என் வாயைப் பொத்தினாள். அதற்குள் பஸ் நகர ஆரம்பித்தது. ஜன்னலோரம் அவள் மகள் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு போனாள். பஸ் திரும்பி மறைகிறவரைக்கும் மில்லுக்காரி தூணுக்குப் பின்னாலேயே நின்றாள். பிறகுதான் ரோட்டோரம் வந்து கையை ஆட்டினாள்.