மூலையில் இருந்த தேதி

எங்கள் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘நீராவி’ என்று பெயர். சிரிப்பு வந்தால் பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்’ என்று விடுவாள். இஸ்திரி இயந்திரமும் அப்படித்தான் விடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை பிடித்து உதறி மடிப்போம். அவள் கை தோளுக்கு மேல் எழும்பாத நாட்களில், முந்தின நாள் வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிடும்.

அவளுக்கு ஒரே மகள், பாப்பா. புருஷன் டயர் கடைக்காரன். லாரி டயரைத் தனி ஆளாகக் கழற்றுகிற கை. அந்தக் கையால் அடிப்பான். குடித்துவிட்டு அடித்தான் என்றால் பழியைக் குடிமேல் போடலாம். இவன் குடிக்காமலே அடிப்பான். சோறு ஆறியிருந்தால் ஒரு அறை, சுட்டால் இரண்டு. ஒரு முறை முடியைப் பிடித்து பீரோவில் மோதினான். காதில் ரத்தம் நிற்க இரண்டு துண்டு நனைந்தது. இன்னொரு முறை பழைய டியூபிலிருந்து ரப்பர் பட்டை வெட்டிக்கொண்டு வந்து முதுகில் விளாசினான். அவனைப் பற்றிப் பேசும்போது இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. நல்ல வார்த்தை எதிர்பார்க்காதீர்கள்.

“போட்டோ எடுத்து வைடி. ஒரு நாள் உதவும்” என்று சொன்னது நான்தான்.

போனில் எடுத்து வந்து காட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் போன் யாரை எடுத்தாலும் கல்யாணப் பெண்ணாக்கும் போல. வீங்கிய கன்னத்தை வழித்து, கன்றிய நீலத்தை மெழுகி, பவுடர் பூசிக் காட்டியது.

“என்னடி, அடி வாங்கி அழகாயிட்டே?” என்றேன்.

ஸ்ஸ் என்று சிரித்தாள். உதட்டுக் காயம் பிளந்து ரத்தம் வந்தது.

அந்தப் படங்களும் நிலைக்கவில்லை. டயர்க்காரன் தினமும் அவள் போனை வாங்கித் துழாவுவான். கண்ணில் பட்ட அன்று சுத்தியலை எடுத்துப் போனை அடித்தான். பிறகு சுத்தியலை வைத்துவிட்டு அவளை அடித்தான். அன்று அவன் காட்டிய கருணை அவ்வளவுதான்.

உடைந்த போனோடு ரிப்பேர் கடைக்குப் போனோம். கண்ணாடி மாற்ற கடைக்காரர் சொன்ன தொகையைக் கேட்டு இருவரும் வாயைப் பிளந்தோம். அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடையை இழுத்துப் போட்டார். உள்ளங்கை அளவு கேமராக்கள், வெங்காயம் மாதிரி குவிந்து கிடந்தன.

“அந்தக் காசுக்கு இதுல ஒண்ணு எடுத்துட்டு, மிச்சத்துக்கு ஒரு பட்டன் போனும் வாங்கிக்கலாம்க்கா. ஒரு காலத்துல பூட்டின அலமாரில இருந்த சாமான். இப்ப கழுதை தேய்ஞ்சு கட்டெறும்பு ஆயிடுச்சு. போன மாசத்து விலையை இந்த மாசம் சொன்னா என்னைத்தான் முறைக்கிறாங்க.”

“மூஞ்சிய அழகாக்கிக் காட்டுமா?” என்று கேட்டேன்.

“அந்த வித்தையெல்லாம் இதுக்குத் தெரியாது. இருக்கிறத இருக்கிற மாதிரி எடுக்கும்.”

“அப்ப இதையே குடுங்க” என்றாள் நீராவி.

டயர்க்காரன் அதைப் புரட்டிப் பார்த்தான். சிம் இல்லை, நெட் இல்லை, யாரையும் கூப்பிட முடியாது. “போன்ல இல்லாததா இதுல இருக்கு? பாப்பா விளையாடட்டும்” என்று பீரோமேல் எறிந்தான். அதற்குப் பிறகு அவன் அதைத் தொடவே இல்லை.

அதில் மஞ்சள் மஞ்சளாகவே விழுந்தது, நீலம் நீலமாகவே விழுந்தது. கழுத்தில் ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன.

ஒரு சாயங்காலம் அவன் பாப்பாவின் பக்கம் கையை ஓங்கினான். நடுவில் போய் விழுந்த நீராவியின் விலா எலும்பு முறிந்தது. விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறுகையில் பாப்பாவைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். கோர்ட்டுக்கும் போனாள். அவனோ, தான் ஒரு நாளும் கை நீட்டியதே இல்லை என்றும், இவள் பொய்க்காரி என்றும், குழந்தையைத் தன்னிடம் தர வேண்டும் என்றும் வழக்குப் போட்டான். பாப்பா கையை விட்டுப் போய்விடுவாளோ என்ற பயத்தில் நீராவிக்குச் சோறு இறங்கவில்லை.

நான்கு படங்களை மட்டும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தாள். “அவ்வளவுதானாடி?” என்றேன். “போதும்க்கா” என்றாள். கூண்டில் நின்று, “குழந்தைக்கு எதுவும் தெரியாதும்மா, அவ தூங்கிடுவா” என்று நீதிபதி அம்மாவிடம் சொன்னாள்.

டயர்க்காரனின் வக்கீல் எழுந்தார். படங்களை விசிறி மாதிரி விரித்துப் பிடித்தார்.

“மூலையில இருக்கிற தேதிய கொஞ்சம் பாருங்கம்மா. ஒன்பது வருஷத்துக்கு முந்தின ஜனவரி ஒண்ணு. நாலு படத்துலயும் அதே தேதி. இவங்களுக்குக் கல்யாணம் ஆகியே எட்டு வருஷம்தான் ஆகுது. அதுக்கு முன்னாடி இவங்கள யார் அடிச்சாங்கன்னு இவங்களையே கேட்போம்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். எனக்கு அந்த வக்கீலின் மூக்கை உடைக்க வேண்டும் போலிருந்தது. பழைய கேமரா, சார்ஜ் தீர்ந்தால் தேதியை மறந்துவிட்டு, திரும்பப் போட்டதும் அந்தப் பழைய ஜனவரி ஒன்றைக் காட்டி, சரியா என்று கேட்கும். நீராவி ஓகே, ஓகே என்று அழுத்தியிருக்கிறாள். நாங்கள் எல்லோரும் காயத்தையே பார்த்தோம். மூலையை யார் பார்த்தது? டயர்க்காரன் மீசையைத் தடவிக்கொண்டான்.

நீராவி என்னைப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து கேமராவை எடுத்தாள். பட்டனை அழுத்தி ஒரு படத்தைத் தேடித் திரையை நீதிபதி அம்மாவின் பக்கம் திருப்பினாள்.

“இன்னொரு படம் இருக்கும்மா. காட்டக் கூடாதுன்னு வச்சிருந்தேன்.”

அவள் முதுகு. ரப்பர் பட்டையின் வரிகள், இரண்டு இடத்தில் தோல் உரிந்து. எதிரே பீரோக் கண்ணாடி. அதற்குள், நெஞ்சோடு கேமராவை அணைத்துப் பிடித்தபடி, நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றாள் பாப்பா. முன்பல் இரண்டு விழுந்திருந்தது.

நீதிபதி அம்மா அந்தச் சின்னத் திரையைக் கண்ணருகே வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“குழந்தைக்கு என்ன வயசு?”

“ஆறும்மா. என் முதுகை நானே எடுக்க முடியல. அவதான் எடுப்பா. எல்லாத்தையும் அவதான் எடுத்தா.”

“இதுலயும் அதே ஜனவரி ஒண்ணுதான் இருக்கு” என்று நீதிபதி வக்கீலைப் பார்த்தார். “பிறக்கிறதுக்கு மூணு வருஷம் முன்னாடியே வந்து போட்டோ எடுத்துட்டுப் போச்சா இந்தக் குழந்தை?”

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். டயர்க்காரனால் உட்கார முடியவில்லை. “என் பொண்ணையே எனக்கு எதிரா வேவு பாக்க வச்சியாடி!” என்று பாய்ந்து வந்து, அத்தனை பேர் முன்னால் அவள் முடியைக் கொத்தாகப் பிடித்துத் தலையை மேசையில் இடித்தான். கேமரா கீழே விழுந்து உருண்டது. இரண்டு காவலர்கள் அவன் கையை முறுக்கி, முகத்தைத் தரையில் அழுத்திய பிறகுதான் விரல்கள் விட்டன. அவன் கத்தினான். அந்தச் சத்தம் என் காதுக்கு இதமாக இருந்தது. பாவமாக இருந்தால் இருக்கட்டும். பாப்பா அம்மாவோடு இருப்பாள், அவன் அருகே வரக் கூடாது என்று அன்றே உத்தரவானது.

அடுத்த விடுமுறை நாளில் என் வீட்டு வாசலில் வெயில் காய்ந்துகொண்டிருந்தோம். நீராவியின் நெற்றியில் தையல். நான் ஏதோ சொல்ல, அவள் ஸ்ஸ் என்று சிரித்துக்கொண்டிருந்தாள். பாப்பா உள்ளே போய் அந்தக் கேமராவைத் தேடி எடுத்து வந்தாள். ஒரு முனை நசுங்கியிருந்தாலும் வேலை செய்தது.

பாப்பா அதை நெஞ்சுக்கு நேராக உயர்த்தினாள். நீராவியின் சிரிப்பு சட்டென்று நின்றது. அவள் எழுந்து, திரும்பி நின்று, சட்டையின் பின்பக்கத்தை மேலே தூக்கினாள்.

“ஐயோ அம்மா,” என்றாள் பாப்பா, “இந்தப் பக்கம் திரும்பும்மா. உன் மூஞ்சி வேணும்.”