ஏரியிலிருந்து பார்த்த ஊர்

மழைக்காலம் முடிந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் மகள் எங்களைக் காரில் ஏற்றிக்கொண்டு கடக்வாஸ்லா ஏரிக்குப் போனாள். அவள் புனேயிலேயே வாகடில் தனியாகக் குடியிருக்கிறாள். "அப்பா வீட்டுக்குள்ளயே இருக்காங்க மம்மி. போட்ல ஒரு சக்கர் சுத்திட்டு வரலாம்" என்று ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருஷமாகப் புனேயில் இருக்கிறோம். அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறோம். படகில் மட்டும் ஏறியதில்லை.

என் கணவருக்கு இரண்டு வருஷமாக ஞாபகம் நழுவிக்கொண்டிருந்தது. லோஹேகாவில் விமானப்படை அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். முதலில் ஆட்களின் பெயர்கள் போயின, பிறகு கிழமைகள். சில நாள் பழையபடி இருப்பார். சில நாள் ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சின்ன மோட்டார் படகு. நாங்கள் மூவரும் படகுக்காரரும்தான். ஆரஞ்சு நிற மிதவைச் சட்டையை என் கணவர் தானே பொறுமையாக மாட்டிக்கொண்டார். கரையில் சோளம் சுடும் புகை சிறுத்துக்கொண்டே போனது. நடு ஏரிக்கு வந்ததும் படகுக்காரர் இன்ஜினை நிறுத்தினார். சத்தம் அடங்கியபோது ஊரே எங்களை விட்டு விலகி மிதப்பது போலிருந்தது. சிங்கட் கோட்டையின் தலையில் மேகம் படுத்திருந்தது. அணைக்கு அப்பால் வரிசையாக அடுக்குமாடிகள், வெயிலில் உப்புக்கட்டிகள் மாதிரி.

"இது எந்த ஊரு?" என்று கணவர் கேட்டார்.

மகள் பதறிவிட்டாள். "அப்பா, புனேதான் இது! நம்ம ஊருதான்."

அவர் முகம் சுருங்கியது. பரீட்சையில் தெரியாத கேள்வியைப் பார்த்த பையனின் முகம். டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மகளின் முழங்காலில் கை வைத்தேன். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பெரிய ஊருங்க. சுத்திப் பாக்க நிறைய இருக்கு" என்றேன்.

"அப்படியா?" முகம் மலர்ந்தது. "அந்த மலைல என்ன?"

"கோட்டை. மேல ஏறிப் போனா மண்சட்டியில தயிர் விப்பாங்க."

மறுகரை மரங்களுக்கு மேலே தெரிந்த கும்மட்டத்தைக் காட்டிக் கேட்டார். ராணுவப் பயிற்சிக் கல்லூரி என்றேன். ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொய் சொல்ல வேண்டியே வரவில்லை. தண்ணீர் படகின் அடியில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. எனக்கும்கூட அது வேறு ஏதோ ஊர் என்று தோன்ற ஆரம்பித்தது.

பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க இங்க ரொம்ப வருஷமா இருக்கீங்களோ?" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து என்னை அவர் 'நீங்க' என்று சொன்னதே இல்லை. மகள் தண்ணீர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"கல்யாணமாகி வந்தேன். பாளையங்கோட்டைலேருந்து."

"அட, நம்ம பக்கம்! வீட்டுக்காரர் எப்படி?"

"கோவக்காரர். ஆனா நல்லவரு."

சிரித்தார். அந்தச் சிரிப்பு தந்த துணிச்சலில், அவரிடம் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன். "வந்த புதுசுல பாஷை தெரியாது. தலைக்கு மேல பிளேன் போனா வீடே அதிரும். தெனமும் அழுதேன். அவரு சாயங்காலம் ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போயி, ஏர்போர்ட் சுவர் ஓரமா நிறுத்துவாரு. பிளேன் எறங்குறப்ப அவரு முதுகுல மூஞ்சியப் புதைச்சுக்குவேன். ஒரு வாரம் போனதும் தலையத் தூக்கிப் பாத்தேன். பிளேன் வயித்துல இருக்க வெள்ளை லைட்டு வரைக்கும் தெரிஞ்சுது. அன்னிக்குத்தான் இந்த ஊர்ல இருந்துரலாம்னு தோணிச்சு. அவர்கிட்ட சொன்னதில்ல."

அவர் கவனமாகக் கேட்டார். வேறொரு மனிதரைப் பற்றிய செய்தி மாதிரி.

"சொல்லிருங்க," என்றார். "அவருக்குச் சந்தோசமா இருக்கும்."

"சொல்லிர்றேன்."

கொஞ்ச நேரம் அடுக்குமாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல ஊரா இருக்கு. நமக்கும் இங்க ஒரு வீடு பாத்துக்கிட்டா என்ன?"

அந்த 'நமக்கு' என்பதில் யாரைச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. "பாத்துக்கலாம்" என்றேன். படகுக்காரர் மராத்தியில் "திரும்பலாமா?" என்றார். இன்னும் ஐந்து நிமிஷம் என்று கை காட்டினேன்.

கரையில் இறங்கும்போது கால் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, பாத்து நில்லு, வழுக்குது" என்று என்னை அதட்டினார். அவ்வளவுதான், என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். படகில் பேசியது எதுவும் ஞாபகம் இருந்ததாகத் தெரியவில்லை. நேராகச் சோளக்காரியிடம் போய், காரம் குறைவாகத் தடவச் சொல்லிச் சுத்தமான மராத்தியில் மூன்று கேட்டார். சுட்ட முத்துகளை நகத்தால் உதிர்த்து ஒவ்வொன்றாக மென்றார்.

திரும்பும் வழியெல்லாம் நெரிசல். அவர் பின்சீட்டில் தூங்கிப்போனார். சிக்னலில் நின்றபோது மகள் மெதுவாகக் கேட்டாள்: "மம்மி, அந்தப் பிளேன் கதை எனக்கு மாலூமே இல்ல, நீங்க சொன்னதே இல்ல. இன்னும் இருக்கா?"

"இருக்கு" என்றேன். பச்சை விழுந்தது. அவள் வண்டியை எடுத்தாள். நான் அந்த முதல் வருஷத்து மழையிலிருந்து ஆரம்பித்தேன்.